இல்லாமலே சௌகரியம்: வாசகர் கேள்வி – பதில்

(சென்ற இதழில், "எந்த நவீன வசதி இல்லாவிட்டாலும் சந்தோஷமாக இருந்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று வாசகர்களைக் கேட்டிருந்தோம். பதில் எழுதியவர்களைவிடத் திருப்பிக் கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம். வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவரும் இந்தப் பகுதியை எழுதுபவருமான நம் கட்டுரையாளர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: எல்லாரையும் கேட்டுவிட்டீர்கள். உங்கள் பட்டியலில் முதல் இடம் எதற்கு, சார்?

ப: வாஷிங் மெஷினின் டச் பேனலுக்கு. மெஷின் இருக்கட்டும். அதன் முகப்பில் இருக்கும் அந்த வழவழப்பான கண்ணாடிதான் எனக்கு வேண்டாம்.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்து மெஷின்களில் திருகுகிற நாப் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார், சில பல்சக்கரங்கள், மேடும் பள்ளமுமாக வெட்டிய வட்டத் தகடுகள். மோட்டார் மெதுவாகச் சுற்றச் சுற்ற அந்த மேடுகள் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்திக்கொண்டே போகும். தண்ணீர் பிடிப்பது, துவைப்பது, அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது, பிழிவது எல்லாம் அந்த வரிசையில் நடக்கும். நாப்பைத் திருகினால் 'டக் டக்' என்று விரலுக்குத் தெரியும். கண்பார்வை இல்லாத ஒரு வாடிக்கையாளர் எனக்கு இருந்தார். அந்த 'டக்'கை எண்ணியே வேண்டிய இடத்தில் நிறுத்துவார். யார் துணையும் இல்லாமல் தன் துணிகளைத் துவைத்துக்கொண்டவர் அவர். பழைய மெஷின் போய், டச் பேனல் வைத்த புதிய மெஷின் வந்ததும் அந்தச் சுதந்திரம் போய்விட்டது. கண்ணாடி எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருந்தது. நான் சிறு ரப்பர் பொட்டுகளை ஒட்டிக் கொடுத்தேன். ஆனால் பொட்டைத் தடவித் தேடும்போதே விரல் பட்டு வேறு எதுவோ ஓட ஆரம்பித்துவிடும். வேலையை முடித்துக் கொடுத்த திருப்தியே அன்றைக்கு எனக்கு இல்லை.

இன்னொன்று. துணி துவைக்கிற இடத்தில் கை ஈரமாகத்தானே இருக்கும்? விரல் படும்போது மின்புலத்தில் ஏற்படும் சிறு மாறுதலை உணர்ந்துதான் இந்தப் பேனல்கள் வேலை செய்கின்றன. தண்ணீர்த் துளியும் அதே மாறுதலை உண்டாக்கும். அதனால் நனைந்த விரலைச் சில சமயம் கண்டுகொள்ளாது, சில சமயம் அக்கம்பக்கத்து பட்டன்களையும் சேர்த்துத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். எந்நேரமும் ஈரத்தோடு புழங்கும் ஒரு கருவிக்கு ஈரம் ஆகாத பட்டனை வைத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

பழுது விஷயமும் இருக்கிறது. பழைய நாப்பில் ஒரு தொடுமுனை கரிந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மெஷினை ஓட்டிவிடலாம். டச் பேனலில் ஒரு மூலை வேலை செய்யாவிட்டால் போர்டையே மாற்ற வேண்டும். அந்த போர்டு தயாரிப்பில் இல்லை என்றால், டிரம், மோட்டார், பம்ப் எல்லாம் நன்றாக இருந்தும் மெஷின் பழைய இரும்புக்குப் போகும். நல்ல மோட்டாரைக் குப்பையில் போடும்போது வயிறு எரியும்.

கே: என் அம்மா எல்லா வேலையையும் கையால்தான் செய்தார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். எங்களைவிட நிம்மதியாகவும் இருந்தார். மெஷின்களே இல்லாமல் இருந்தால் நல்லது என்பது என் கட்சி. நீங்களும் அதே கட்சிதானே?

ப: இல்லை. இதில் நான் முழுக்க எதிர்க்கட்சி. நனைந்த கனத்த போர்வையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிழிந்து பார்த்தவர்கள் வாஷிங் மெஷின் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்கள். உங்கள் அம்மா நிம்மதியாக இருந்தார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய இடுப்பும் மணிக்கட்டும் எப்படி இருந்தன என்று எழுதவில்லை. மெஷின் போய்ச் சேர்ந்த வீடுகளில் முதல் தடவை அது பிழிந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்குள் உண்மையான ஒரு சங்கதி இருக்கிறது. மெஷின் இத்தனை வந்தும் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஏன் நேரம் மிஞ்சவில்லை? ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974இல் அமெரிக்கக் குடும்பங்களின் நேரக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சம்பள வேலைக்குப் போகாத பெண்கள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960களில் அது சுமார் 55 மணி நேரம். இடையில் வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர், ஃபிரிட்ஜ் எல்லாம் வந்துவிட்டன. மணி நேரம் குறையவே இல்லை.

ஏன் என்பதற்கு வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. முன்பெல்லாம் விறகு பிளப்பது ஆண் வேலை, தண்ணீர் சுமப்பதில் பிள்ளைகளுக்குப் பங்கு, துணி வெளியே சலவைக்குப் போகும். அடுப்பும் குழாயும் மெஷினும் வந்தபோது மற்றவர்களின் வேலைகள்தான் முதலில் காணாமல் போயின. மிச்சமிருந்த அத்தனையும் ஒரே ஆளின் தலையில் வந்து சேர்ந்தது. கூடவே, வாரம் ஒருமுறை மாற்றிய துணியைத் தினமும் மாற்றும் வழக்கமும் வந்தது. ஆகவே உங்கள் அம்மா காலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போனது எது என்று கேட்டால், வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆட்கள் என்பேன். அதைத் திரும்பக் கொண்டுவர மெஷினை விற்க வேண்டியதில்லை. காய்ந்த துணியை யார் மடிக்கிறார்கள் என்று உங்கள் வீட்டில் இன்று சாயந்திரம் பாருங்கள்.

கே: புதிய கார் வாங்கினோம். உள்ளே டி.வி. மாதிரி பெரிய திரை. ஏ.சி.யைக் கூட்டவும் அதில்தான், ரேடியோவுக்கும் அதில்தான். என் கணவருக்குப் பெருமை, எனக்குப் பயம். யார் சொல்வது சரி?

ப: நீங்கள் சொல்வது. பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் 'வி பில்லெகாரே' என்ற கார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை நடத்தியது. திரை வைத்த 11 புதிய கார்கள், அவற்றோடு பட்டனும் நாப்பும் மட்டுமே உள்ள 2005ஆம் ஆண்டு வால்வோ ஒன்று. எல்லாவற்றையும் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே, இருக்கைச் சூட்டைப் போடுவது, ரேடியோ நிலையத்தை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஓட்டுநர்களுக்கு அந்தந்தக் காரைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பழைய வால்வோவில் எல்லாவற்றையும் முடிக்க 10 விநாடி ஆனது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. புதிய கார்களிலேயே மிகவும் பின்தங்கியதற்குச் சுமார் 45 விநாடி. அதாவது 1,300 மீட்டருக்கு மேல், கவனத்தின் பாதி திரையில் இருக்க, கார் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. நாப் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அதைப் பிடித்து எவ்வளவு திருகினோம் என்றும் தெரியும். திரையில் அப்படி எதுவும் கைக்குத் தெரியாது, பார்த்துத்தான் தொட வேண்டும். தொட்ட பிறகு அது கேட்டுக்கொண்டதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

கப்பலிலும் இதே கதை நடந்திருக்கிறது, மிகவும் துயரமான விதத்தில். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாததே விசாரணையில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கப்பலின் வேகத்தையும் திசையையும் தொடுதிரையில் கையாளும் சிக்கலான அமைப்பும் குழப்பத்துக்குத் துணைபோனது என்று தெரியவந்தது. அதற்குப் பிறகு, 2019இல், அந்த வகைக் கப்பல்களில் கையால் தள்ளும் பழைய வகை வேகக் கைப்பிடியையே மறுபடி பொருத்துவதாக அமெரிக்கக் கடற்படை முடிவு செய்தது.

கார்களிலும் காற்று திரும்புகிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் அதற்கான மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதுவரை, வேண்டியதையெல்லாம் வண்டி கிளம்புவதற்கு முன்பே திரையில் செய்துவைத்துவிடச் சொல்லுங்கள்.

கே: தானாகத் திறக்கும் கதவு, லிஃப்ட், ரிமோட்... மனிதனைச் சோம்பேறியாக்கும் இவையெல்லாம் தேவையா?

ப: தேவை. சக்கர நாற்காலியில் வருகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பையுமாக வருகிறவரை நினைத்துப் பாருங்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு அந்த ரிமோட் எவ்வளவு பெரிய விஷயம்! எனக்கும் உங்களுக்கும் சோம்பலாகத் தெரிவது இன்னொருவருக்குப் பிறர் தயவில்லாத வாழ்க்கை. வேண்டாத வசதி எது என்று பேசும்போது, அதை நம்பி இருக்கிறவர் யார் என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

ரிமோட் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1956இல் ராபர்ட் ஆட்லர் என்ற பொறியாளர் ஜெனித் நிறுவனத்துக்காக உருவாக்கிய ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பட்டனை அழுத்தினால் உள்ளே குட்டிச் சுத்தியல் ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டி.வி. கேட்டுக்கொள்ளும். எவ்வளவு அழகான வேலை!

கே: பல்பை போனிலேயே அணைக்கிறோம், அழைப்பு மணி போனில் அடிக்கிறது, வீடு பெருக்கும் ரோபோவும் போன் சொல்வதைக் கேட்கிறது. இதிலும் குறை கண்டுபிடிப்பீர்களா?

ப: குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. உங்கள் பல்புக்கும் உங்களுக்கும் நடுவில் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது.

2021 டிசம்பர் 7ஆம் தேதி அமேசானின் கிளவுட் சேவை (பல நிறுவனங்கள் வாடகைக்கு நம்பியிருக்கும் கம்ப்யூட்டர்கள்) சில மணி நேரம் தடுமாறியது. அன்றைக்குப் பல வீடுகளில் ரோபோ வேக்குவம் கிளீனரைப் போனிலிருந்து இயக்க முடியவில்லை, வாசல் கேமரா மணிகளும் பேசாமல் இருந்தன. ரோபோவின் மோட்டாரில் பழுதில்லை, பிரஷ்ஷில் பழுதில்லை, வீட்டில் கரண்டும் இருந்தது. இதைவிடக் கொடுமை 2016இல் நடந்தது. 'ரிவால்வ்' என்று ஒரு சாதனம். வீட்டிலிருக்கும் வெவ்வேறு கம்பெனி விளக்குகளையும் பூட்டுகளையும் ஒன்றாக இணைத்து இயக்குவதற்கு மக்கள் காசு கொடுத்து வாங்கியது. அதைத் தயாரித்த நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். அன்றோடு அந்தச் சாதனம் வெறும் டப்பா ஆகிவிட்டது.

பழுது பார்ப்பவனுக்கு இதைவிட இயலாமை கிடையாது. மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் வோல்டேஜ் சரியாக வருகிறது. திறந்து சரிசெய்ய உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒருவர் சுவிட்சை அணைத்துவிட்டார், அவ்வளவுதான்.

வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்டர்நெட் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா? 'செய்யாது' என்று பதில் வந்தால், சுவரில் சாதாரண சுவிட்சும் கூடவே இருக்கும்படி வயரிங் செய்துகொள்ளுங்கள். பூட்டு விஷயத்தில் நான் இன்னும் கறார். கையால் திருகும் சாவி இல்லாத பூட்டை என் வீட்டுக் கதவில் மாட்ட மாட்டேன்.

கே: போனில் எதையெல்லாம் விட்டுவிடலாம்? போனையே விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ் மெசேஜ் வருகிறது.

ப: சொல்ல மாட்டேன். போன் அருமையான கருவி. அதற்குள் தானாக நடக்கிற சில விஷயங்கள்தான் வேண்டாம்.

முதலாவது, முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் பக்கம். முன்பு ஒரு பக்கத்தின் அடியில் வந்து நின்றால் 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டும். அந்த ஒரு கணத்தில் 'சரி, போதும்' என்று எழுந்துவிடலாம். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த நிறுத்தத்தை எடுத்துவிடும் முறையை உருவாக்கினார். மக்களுக்கு ஒரு சிரமம் குறையட்டும் என்று நினைத்துச் செய்ததுதான். அது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதைப் பார்த்துப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. இரண்டாவது, ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடுவது. பெரும்பாலான செயலிகளில் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம், உடனே செய்யுங்கள். மூன்றாவது, வாட்ஸ்அப்பின் நீலக் குறி. 2014 நவம்பரில் அது வந்தபோதே எதிர்ப்பு கிளம்பி, பிறகு அணைத்துவைக்கும் வழியையும் கொடுத்தார்கள். 'பார்த்துவிட்டு ஏன் பதில் போடவில்லை?' என்ற கேள்வியால் எத்தனை மனத்தாங்கல்! முன்பு கடிதம் போட்டால், அவருக்குத் தோதானபோது பதில் எழுதுவார் என்று விட்டுவிடுவோம். அந்த இடைவெளி இரண்டு பேருக்குமே நல்லதாக இருந்தது.

இனி உங்கள் ஆபீஸ் மெசேஜ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 13 ஊழியர்களை ஐந்து நாள் ஈமெயிலே இல்லாமல் வேலை செய்யவைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். ஈமெயில் இருந்த நாட்களில் அவர்கள் கம்ப்யூட்டர் திரையில் மணிக்கு 37 தடவை ஒரு ஜன்னலிலிருந்து (விண்டோ) இன்னொன்றுக்குத் தாவினார்கள். இல்லாத நாட்களில் 18. மன அழுத்தமும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அதைப் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் அதிகாரியோடு அப்படிப் பேச முடியுமா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழுவின் ஒலியை மட்டுமாவது இராத்திரிக்கு அணைத்துவையுங்கள். உண்மையிலேயே அவசரமென்றால் போன் பண்ணுவார்கள்.

கே: அலாரத்தில் 'ஸ்னூஸ்' பட்டன்?

ப: 1956இலேயே வந்துவிட்ட வசதி அது. எனக்கு வேண்டாம். எழ வேண்டிய நேரத்துக்கே அலாரம் வைத்துவிட்டு, அதுவரை முழுத் தூக்கம் தூங்கலாம்.

கே: கையை நீட்டினால் தண்ணீர் வரும் சென்சார் குழாய் சுகாதாரமானதுதானே? அதையுமா வேண்டாம் என்பீர்கள்?

ப: பொது இடத்தில் குழாயைத் தொட வேண்டாம் என்பது நல்ல எண்ணம். ஆனால் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011இல் சோதித்துப் பார்த்தபோது எதிர்பாராத முடிவு வந்தது. சென்சார் குழாய்களிலிருந்து எடுத்த தண்ணீர் மாதிரிகளில் 50 சதவீதத்தில் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. கையால் திறக்கும் சாதாரணக் குழாய்களில் அது 15 சதவீதம்தான். சென்சார் குழாய்க்குள் வால்வும் சின்னச் சின்ன பாகங்களும் அதிகம் என்பதால் கிருமி ஒட்டி வளர அங்கே இடம் அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் பழைய குழாய்களையே வைப்பதென்று அந்த மருத்துவமனை தீர்மானித்தது. நல்ல உடல்நிலையில் இருப்பவர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால், முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய் போதும். விரல் படாது, பேட்டரி வேண்டாம், வாஷர் தேய்ந்தால் நீங்களே மாற்றலாம்.

கே: ஈரத் துடைப்பான் இல்லாமல் குழந்தை வளர்க்க முடியுமா?

ப: வெளியே போகும்போது பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துணியும் தண்ணீரும் இருக்கின்றன. எது எப்படியானாலும் கழிப்பறைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள் கொழுப்பும் இந்தத் துடைப்பான்களும் இறுகி 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் அடைத்துக்கொண்டு நின்றன. அதை வாரக்கணக்கில் உள்ளே இறங்கி வெட்டி எடுத்தவர்களும் மனிதர்கள்தானே.

கே: ஜி.பி.எஸ். வந்த பிறகு யாரிடமும் வழி கேட்பதே இல்லை. இது நல்லதா கெட்டதா?

ப: தெரியாத இடத்துக்கு இராத்திரி தனியாகப் போகும் ஒருவருக்கு அது பெரிய காவல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் போகும் வழிக்கும் அதைப் பேசவிடுவது வேண்டாத வேலை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பங்கேற்றவர்கள் வழியைத் தாங்களே தேடிப் போனபோது, புதிய தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் மூளையில் நினைவுக்கும் திசையறிவுக்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுறுசுறுப்பானது. எத்தனை தெருக்கள் பிரிகின்றனவோ அதற்கேற்ப அது கூடவும் செய்தது. 'இங்கே திரும்பு' என்று கருவி சொல்லச் சொல்லப் போனபோது அந்தச் சுறுசுறுப்பு தெரியவில்லை. கிளம்பும் முன் வரைபடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். வீடு வீடாகப் போய் வேலை செய்த காலத்தில் எனக்குத் தெருக்கள் அப்படித்தான் மனதில் பதிந்தன.

கே: நான் எழுதியதைத் தானே திருத்துகிறேன் என்று கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிப் போடுகிறது. எனக்கு மட்டும்தான் இந்த அவஸ்தையா?

ப: விஞ்ஞானிகளுக்கும் இருந்திருக்கிறது. மனித மரபணுக்களில் ஒன்றுக்கு 'மார்ச்1' என்று சுருக்கப் பெயர். எக்செலில் அதை எழுதினால் மார்ச் முதல் தேதி என்று தானாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளை 2016இல் அலசிப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் பெயரையே 'மார்ச்எஃப்1' என்று மாற்றவேண்டியதாயிற்று. அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வழி எக்செலில் 2023இல்தான் வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் திருத்தத்தை அணைத்துவிட்டு, தப்பு என்று தோன்றும் சொல்லுக்குக் கீழே கோடு போடுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கே: என் பையன் கல்லூரியில் படிக்கிறான். இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, 'வயசானவங்க எல்லாக் காலத்திலும் இப்படித்தான் புலம்புவாங்க' என்கிறான். அவனுக்கு என்ன பதில்?

ப: நல்ல கேள்வி கேட்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். மின்விளக்கு வந்தபோதும் குறை சொன்னவர்கள் இருந்தார்கள்தான். அதனால் நான் வயதை வைத்துப் பிரிப்பதில்லை. இந்த வசதி வந்ததால் என் கையைவிட்டுப் போவது எது என்று பார்க்கிறேன். உழைப்பு போகிறதென்றால் சந்தோஷம். துவைக்கும் உழைப்பும் தண்ணீர் சுமக்கும் உழைப்பும் போனது மனித குலத்துக்கே விடுதலை. ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது, பிடித்துத் திருப்புவது, திறந்து பழுது பார்ப்பது ஆகியவை என்னைவிட்டுப் போகின்றன என்றால், அந்த வசதி எனக்காகச் செய்யப்பட்டதா என்று சந்தேகப்படுகிறேன். காருக்குள் பட்டன் திரும்ப வர வேண்டும் என்று சோதனை நடத்துகிறவர்கள் பழமை பேசுகிறவர்கள் இல்லையே. உங்கள் பையனுக்கு நேரம் இருந்தால் ஒரு ஸ்குரூடிரைவரும் பழைய, ஓடாத டேபிள் ஃபேனும் கொடுங்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்து பார்க்கட்டும்.

கே: ஃபேன் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. ரிமோட் உள்ள சீலிங் ஃபேன் வாங்கினோம். ரிமோட் தொலைந்துவிட்டது. சுவரில் பழைய ரெகுலேட்டர் இருக்கிறது, அதில் திருகினால் ஃபேன் சரியாக ஓடவில்லை. ஃபேனை மாற்றிவிடலாமா?

ப: மாற்ற வேண்டாம்! உங்களுடையது பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் ஃபேனாக இருக்கும். பழைய வகை ஃபேன் 75 வாட் போல எடுக்கும் இடத்தில் இது 30 வாட் சுமாருக்கு அதே காற்றைக் கொடுக்கும். இந்த வசதியை விடக் கூடாது. ஆனால் அதன் வேகத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட்தான் கட்டுப்படுத்துகிறது. அதற்கு முழு வோல்டேஜ் போக வேண்டும். பழைய ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பதால் அது தடுமாறுகிறது, நாளடைவில் சர்க்யூட் கெடவும் வாய்ப்புண்டு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் சுவிட்சில் ஓடும்படி செய்யச் சொல்லுங்கள். சில மாடல்களில் சுவிட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டாலே வேகம் மாறும். சிலவற்றுக்குச் சுவரில் பொருத்தும் தனி ரெகுலேட்டர் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று பெட்டியின் மேலோ மோட்டாரின் மேல்மூடியிலோ இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எது பொருந்தும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.